மாநாட்டுக்குப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி. சபைகளோட ஐக்கிய மாநாட்டுக்கு நம்ம லுத்தரன் சபை சார்புல நீதான் போறியாமே? சந்தோஷம். பேச்சை, எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு ஆண்டவர் ஜெபிச்ச யோவான் பதினேழுல ஆரம்பிச்சிருப்பே. ஆரம்பி. எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பாங்க.

லுத்தரன்காரங்களுக்கு ஐக்கியமே ஆகாதுன்னு எவனாவது எழுந்தா விடாதே. 1530-ல எழுதின ஆக்ஸ்பர்க் அறிக்கையை நீட்டு. ஏழாம் பிரிவு. சுவிசேஷத்தைச் சுத்தமாப் பிரசங்கிச்சு, சாக்கிரமெந்தை முறையாக் குடுத்தா, சபை ஒண்ணா இருக்க அது போதும். மனுஷன் ஏற்படுத்தின சடங்கெல்லாம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்லைன்னு அதுல இருக்கு. படிச்சுட்டுக் கம்பீரமா உக்காரு. அங்கி வெள்ளையா கறுப்பான்னு நம்ம சபையில விடிய விடிய நடந்த கூட்டத்தைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே.

லூத்தர் பிடிவாதக்காரர், ஒத்துக்கறேன். 1529-ல மார்பர்க்ல சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியோட பேச உக்காந்தார். பதினஞ்சு விஷயம். பதினாலு ஒத்துப்போச்சு. பதினஞ்சாவது நற்கருணை. அதுலயும் பெரும்பாலும் ஒத்துவந்து, அப்பத்துல ஆண்டவர் சரீரமாவே இருக்காரான்னு வர்றப்ப நின்னுபோச்சு. லூத்தர் ஆண்டவரோட வார்த்தையைச் சாக்குக்கட்டியால மேசை மேலயே எழுதி வெச்சுட்டு அசையலை. ஐரோப்பாவுல லுத்தரன்காரங்களும் சீர்திருத்த சபைக்காரங்களும் லாய்ன்பெர்க்ல உடன்படிக்கை பண்ணி, பலிபீடத்தையும் பிரசங்க மேடையையும் பொதுவாக்கினது 1973-ல. நடுவுல 444 வருஷம்! கத்தோலிக்கரோடயே 1999 அக்டோபர் 31-ல, ஆக்ஸ்பர்க்ல, நீதிமானாக்கப்படுறதைப் பத்திக் கையெழுத்துப் போட்டாச்சு. அவங்க சண்டை நீளமான சண்டைதான். ஆனா எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சு போட்டாங்க.

நம்ம கதைக்கு வா. 1833-ல ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன், சபைக்குள்ள சாதி கூடாதுன்னு உத்தரவு போட்டார். தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் கோயிலே ரெண்டாச்சு. எந்தப் பாயில யாரு, கிண்ணத்துல யாரு வாய் முதல்ல படணும்னு தகராறு. கொஞ்ச வருஷத்துல ஜெர்மனியிலேருந்து லுத்தரன் மிஷன் வந்து எறங்கிச்சு. சாதி விஷயத்துல அவங்க கொஞ்சம் விட்டுப் பிடிச்சாங்க. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினவங்கள்ல நெறைய பேர் இங்கே வந்து சேந்தாங்க. பழைய லுத்தரன் பாசமும் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லேங்கலை. ஆனா அத்தனை பேரும் நற்கருணைக் கோட்பாட்டை அலசிப் பாத்துட்டா வந்தாங்க? நீ படிச்சவன், நீயே சொல்லு.

1947 செப்டம்பர் 27-ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல்காரங்க எல்லாம் மெட்ராஸ்ல ஒண்ணா சேந்து சி.எஸ்.ஐ. ஆனாங்க. நாம திண்ணையில உக்காந்து பாத்தோம். அப்புறம் ரெண்டு தரப்பும் வருஷக்கணக்கா இறையியல் பேசினாங்க. காகிதத்துல பெருசா முட்டுக்கட்டை இல்லை. சேரத்தான் இல்லை.

அவங்களை விடு. 1706-ல மிஷனரிங்க சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில எறங்கினப்ப ஒரே லுத்தரன் சபைதான். இப்ப நம்ம தமிழ் சுவிசேஷ லுத்தரன், டேனிஷ்காரங்க வளத்த ஆற்காடு லுத்தரன், மிசௌரிக்காரங்க வளத்த இந்திய சுவிசேஷ லுத்தரன்னு இந்தத் தமிழ்நாட்டுக்குள்ளயே மூணு. மூணு வீட்டுப் பிள்ளையும் ஒப்பிக்கிறது லூத்தரோட அதே சின்ன ஞானோபதேசம்தான்.

அதனால மாநாட்டுல பத்திரமாப் பொழைக்க வழி சொல்றேன். கோட்பாடு மட்டும் பேசு. கைதட்டு விழும். சபைச் சொத்து, பள்ளிக்கூட நியமனம், சபைத் தேர்தல், கல்லறையில எந்த மூலை யாருக்குன்னு வாயைத் திறந்தியோ, அடுத்த மாநாட்டுக்கு வேற பேராண்டி போவான். ஐக்கியக் கமிட்டி ஒண்ணு போட்டா உடனே கையைத் தூக்கு. அதுக்கு ஆயுசு கெட்டி.

இன்னொண்ணு. உனக்குப் பொண்ணு பாக்கறாங்க. தரகர் வந்ததும் உங்கம்மா, "லுத்தரன் பொண்ணுதானே?"ன்னு கேக்கறா. ஆமாம்னதும், குரலை எறக்கி இன்னொரு கேள்வி கேக்கறா. அது என்ன கேள்வின்னு உனக்கும் தெரியும். அது ஆக்ஸ்பர்க் அறிக்கையில எத்தனாவது பிரிவுன்னு மாநாட்டுல பெரியவங்க யாரையாவது கேட்டுட்டு வாடா.