அண்ணாச்சி கடை எத்திணை? அங்காடியியல் குறித்து ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று சொல்லிக்கொண்டே போகிறார். கடையை மட்டும் சொல்லவில்லை. ஐந்திணைக்கும் பொதுவானதென்று விட்டிருக்கலாம். அவர் ஊர் அண்ணாச்சியிடம் பாக்கி இருந்து, அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம் என்பது அடியேன் கருத்து. உரையாசிரியர்கள் யாரும் இதை மறுக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு கடைசியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத்தின் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் தொடங்கிய வரைபடம் இது. கணக்கு தொடங்கிய எவரும் திருத்தலாம். அதன் இலக்கணம் மிக எளிது: இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் ஒரு சொல். ‘ஷாப் = பேக்கரி’ என்றால் ரொட்டிக்கடை; ‘ஷாப் = டெய்லர்’ என்றால் தையற்கடை. இந்த இணைக்கு டேக் என்று பெயர். விரும்பிய டேக்கை யாரும் படைத்துக்கொள்ளலாம் என்பது அதன் முதல் விதி. ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள் என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுவார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலமே மரபு என்பார்கள். ஆனால் நகைக்கடைக்கு மட்டும் அமெரிக்க எழுத்துக்கூட்டல். மரபியல் என்றாலே அப்படித்தான்.

இவ்வாய்வின் களம், காலையில் பால் வாங்க நான் நடக்கும் தூரம். கருவி, ஒரு கைப்பேசி. முதற்பொருள், தெருமுனை அண்ணாச்சி கடை.

அண்ணாச்சி கடைக்கு மூன்று டேக்குகள் போட்டியிட்டன. பலசரக்கைச் சிறிய அளவில் விற்பது ‘கன்வீனியன்ஸ்’. சிற்றூர்களில் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பது ‘ஜெனரல்’. ஆள் உள்ளே போகாமல் சன்னல் வழியே வாங்கிக்கொள்வது ‘கியோஸ்க்’. அண்ணாச்சி கடையில் அரிசி மூட்டைக்கு முன்னால் வரை போகலாம். அதற்கு மேல் போக உறவு வேண்டும். எனக்கு அது கியோஸ்க்; எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஜெனரல்; கல்லாவுக்குப் பின்னால் போய்த் தானே மிட்டாய் எடுத்துக்கொள்ளும் அவர் பேத்திக்கு அது சூப்பர்மார்க்கெட். நான் கன்வீனியன்ஸ் என்று இட்டேன். மறுநாள் காலையில் பெயர் தெரியாத நண்பர் ஒருவர் அதை ஜெனரலாக மாற்றியிருந்தார். நான் திரும்ப மாற்றினேன். அவரும் மாற்றினார். இதைத் திருத்தப்போர் என்பர். பண்டை மரபில் இது ஆநிரை கவர்தலும் மீட்டலும்: வெட்சி, கரந்தை. இரு தரப்பிலும் உயிர்ச்சேதமில்லை. ஆனால் ஒருவருக்குத் தூக்கம் போனது.

அடுத்த முட்டுக்கட்டை பெட்டிக்கடை. வரைபடத்தார் ‘களத்தில் கண்டதை எழுது’ என்பதை வேதமாகக் கொண்டவர்கள். களத்தில் காண்பது என்ன? நாலடி அகலப் பலகையில் மூன்றே முக்கால் அடிக்குக் குளிர்பான நிறுவனத்தின் பெயர்; வலது மூலையில், பார்வைப் பரிசோதனையின் கடைசி வரி அளவுக்கு ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’. பலகைச் செலவு குளிர்பானக்காரருடையது. பலகைக்குக் கீழே தொங்கும் வாழைத்தார், ஷாம்பூச் சரம், தேன்மிட்டாய்ப் பாட்டில், புகைந்துகொண்டிருக்கும் கயிறு எல்லாம் முருகனுடையவை. புதிதாக வரும் தன்னார்வலர் பிராண்ட் என்னும் இடத்தில் குளிர்பானத்தின் பெயரை இட்டுவிட்டுப் போகிறார். இப்படியே விட்டால் தமிழ்நாட்டில் முருகனுக்குக் கிளையே இராது.

பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் அரசு விதி உண்டு. விதிக்குப் பணிந்து கடைக்காரர் ‘பேன்ஸி அண்ட் கிஃப்ட்ஸ்’ என்று தமிழில் பெரிதாக எழுதுகிறார். வரைபடத்தில் தமிழ்ப்பெயருக்கென்று தனி டேக் இருக்கிறது. நான் அதில் இதை எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்குகிறது.

‘கடை’ என்ற சொல்லை நம்பியும் பயனில்லை. ‘ஷாப் = டீ’ என்றால் தேயிலையைப் பொட்டலமாக விற்கும் இடம்; கொதிக்க வைத்துக் கண்ணாடித் தம்ளரில் கொடுத்துவிட்டால் அது ஷாப் வரிசையிலிருந்தே நீங்கி ‘அமெனிட்டி = கஃபே’ ஆகிறது. இலைக்கும் நீருக்கும் இடையே இப்படி ஒரு வருணபேதம். மருந்துக்கடையும் அமெனிட்டிதான். ‘ஷாப் = கெமிஸ்ட்’ என்று இருக்கிறதே என்று ஓடிப்போய் இட்டால், அது மாத்திரை விற்காமல் சோப்பும் சீப்பும் விற்கும் கடையாம். தெருக்கோடி மெடிக்கல்ஸில் மாத்திரை, சோப்பு, சீப்பு மூன்றும் உண்டு. ஊசி போடுமிடம் மாடியில். ‘ஹோட்டல்’ இன்னும் ஆபத்து. நம்மூரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுமிடம்; வரைபடத்தில் ‘டூரிசம் = ஹோட்டல்’ என்றால் படுக்குமிடம். இட்லிக்கடையை அப்படிக் குறித்துவிட்டால், எங்கிருந்தோ வரும் பயணி இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு நின்று அறை கேட்பார். மிலிட்டரி ஹோட்டலை என்னவாகக் குறிப்பது என்பதில் தேசப் பாதுகாப்பும் கலந்திருப்பதால் இங்கே விவரிக்கவில்லை.

இனி வணிகப்பெயர்கள். இதற்கென்று ‘நேம் சஜஷன் இண்டெக்ஸ்’ என்னும் பெயர்த்தொகுதி ஒன்றைத் தொகுத்து வருகிறார்கள். தொடர்கடையின் பெயரை உள்ளிட்டால் அதன் பிராண்ட், வகை, விக்கிடேட்டா எண் எல்லாவற்றையும் அதுவே பரிந்துரைக்கும். மெக்டொனால்ட்ஸுக்கு க்யூ 38076. உலகில் எங்கே திறந்தாலும் அதே எண். எண் தெரிந்தால் சுவையும் தெரியும். இந்த ஒழுங்கு முனியாண்டி விலாஸ் வாசல் வரைதான் வரும்.

மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பியவர்கள் 1930-களில் காரைக்குடியில் தொடங்கி ஊர் ஊராக நடத்திய ஹோட்டல்கள் அவை. பெயர் ஒன்று. தலைமையலுவலகம் கிடையாது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி முதலாளி, குழம்பும் தனித்தனி. எல்லோருக்கும் பொதுவானவர் ஊர்க் கோயிலில் இருக்கும் முனியாண்டி சாமி. தை மாதம் உரிமையாளர்கள் திரும்பிப் போய்க் கிடா வெட்டிப் பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதைப் பிராண்ட் என்பதா? ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிற கூட்டம் பங்குதாரர் கூட்டமா? ‘ஆப்பரேட்டர்’ என்ற டேக்கில் சாமி பெயரை எழுதலாமென்று நினைத்தேன். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை யாராவது கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

ஐயங்கார் பேக்கரியும் இப்படித்தான். ஒரு கம்பெனி அல்ல, ஒரு நம்பிக்கை. நெடுஞ்சாலையோரக் கும்பகோணம் டிகிரி காபிக்கடைகளில் பித்தளை டபரா ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கடைக்காரரிடம் அடுத்த கடையும் உங்களுடையதா என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் காபியையே திரும்ப வாங்கிக்கொள்வார். இவற்றைத் தொடர்கடை எனக் கொள்வது எல்லா மாரியம்மன் கோயிலையும் ஒரே நிறுவனத்தின் கிளைகள் எனக் கொள்வதற்கு ஒப்பாகும். மறுதலை வழக்கும் உண்டு: ஜெராக்ஸ் கடை. அங்கே அந்த நிறுவனத்தின் இயந்திரம் இருப்பது கட்டாயமில்லை. பிராண்ட் பொதுப்பெயராகிவிட்டது, இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்று முடித்துவிடுவோம். வரைபடத்தில் முடிக்க விடமாட்டார்கள்.

டாஸ்மாக்கைப் பற்றி ஒரு சொல். 1983-இல் தொடங்கிய அரசு நிறுவனம். 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அதனிடமே. இது பிராண்டா, ஆப்பரேட்டரா என்று அறிஞர் இரு பிரிவாக நிற்கிறார்கள். விளம்பரம் இல்லை, கடை எண் மட்டும்தான், ஆயினும் வரைபடமே பார்க்காமல் எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எனவே குறிக்காமல் விட்டாலும் குற்றமில்லை.

திறக்கும் நேரத்தைக் குறிப்பதில்தான் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். மதுரைக்காஞ்சி பகற்கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக்கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டே டேக், தீர்ந்தது. இப்போதோ கிழமை, மணி, விடுமுறை எல்லாம் வாய்பாடாக எழுத வேண்டும். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்தைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் அது. மாலையில் திறக்கும், தீர்ந்ததும் மூடும். வரைபட வாய்பாட்டில் இதற்கும் ஓர் உத்தி இருக்கிறது: திறக்கும் மணியை எழுதிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. முடிவு தெரியாது என்று பொருள். மொத்த அமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கூட்டல் குறிதான்.

பழைய இலக்கணங்களில் இயலின் கடைசியில் புறநடை என்று ஒரு நூற்பா வரும். மேலே சொன்னதற்கு அடங்காததையெல்லாம் அதில் அடக்கிவிடுவார்கள். வரைபடத்தின் புறநடை ‘ஷாப் = யெஸ்’. கடைதான், வேறொன்றும் கேட்காதே என்று அர்த்தம். திருத்தப்போர் ஆறாவது நாளை எட்டியபோது நானும் அதற்கு இறங்கிவந்தேன். இறங்குவதற்கு முன், யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். கடைக்காரரையே கேட்டேன்.

“அண்ணாச்சி, உங்க கடை என்ன வகைக் கடை?”

“ஒங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க தம்பி.”

வகை சரக்கில் இல்லை, வந்து நிற்கிறவரிடம் இருக்கிறது என்று இதற்கு உரை எழுதிக்கொண்டேன். இந்தக் கோட்பாட்டுக்கு ஆதாரமும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கியது: நாற்பது பக்க நோட்டு. ரொக்கம், அட்டை, யு.பி.ஐ. என்று பணம் செலுத்தும் முறைக்கெல்லாம் வரைபடத்தில் டேக் உண்டு. நோட்டுக்கு இல்லை. விரும்பிய டேக்கைப் படைக்கலாம் என்ற முதல் விதியை நினைத்துக்கொண்டு, “இதையும் மேப்புல ஏத்திடறேன் அண்ணாச்சி” என்றேன்.

அண்ணாச்சி நோட்டைக் கழற்றிக் கல்லாவுக்குள் வைத்து மூடினார்.

“கடை இருக்குன்னு போடுங்க. கடன் உண்டுன்னு போட்டுறாதீங்க. அப்புறம், ஒங்க பேருல நூத்தி எழுவது இருக்கு.”