உள்ளுக்குள்ள பெய்யிற மழை

வாங்க மாப்ளே, வாங்க. இந்த ஐப்பசி அடைமழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு மாமன் வீட்டைத் தேடி வந்திருக்கீகன்னா, ஒண்ணு உங்க அப்பனுக்குக் கைமாத்து வேணும், இல்ல வீட்டுல எதுக்கோ சீக்கு வந்திருக்கணும். மூஞ்சியில ஈயாடலையே, அப்பக் கோழிதான்.

நேத்தே உங்க வீட்டுப் பக்கமா வந்தேன். கோழிக்கூடா அது? ஹாலோ பிளாக் சுவரு, தகரக் கூரை, தரைக்கு டைல்ஸ் வேற. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மனசுக்குச் சங்கடமாப் போச்சு. சுத்தி வந்து பாத்தா எறும்பு நுழைய வழியில்ல. இருந்த ஒரே கம்பிவலைப் பக்கத்தையும், நம்ம பாப்பா காதுகுத்து பிளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டி அடைச்சிருக்கீக. அதுல நான் கைகூப்பி வருக வருகன்னு நிக்கிறேன். என் முதுகுக்குப் பின்னாடி 12 கோழி தும்முது.

மரநாய்க்குப் பயந்து அடைச்சேன், சாரலுக்குப் பயந்து கட்டினேன், அப்படியும் உள்ள சொதசொதன்னு இருக்கேன்னுதான கேக்க வந்தீக? சரி, உக்காருங்க. இனி வேலைப் பேச்சு, அதுக்கு 'வாங்க போங்க' சரிப்படாது. நீ வா போதான்.

ஒரு கோழி நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிக்கும்? தின்னுற தீனிக்கு ரெண்டு மடங்கு. ஒரு டம்ளருக்குக் கூடக்கொறைய வச்சுக்க. 12 கோழிக்கு 2 லிட்டர் ஆச்சா? அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது? முட்டையில கொஞ்சம் போகும். மிச்சம் எச்சமாவும் மூச்சாவும் உன் கூட்டுக்குள்ளதான் இறங்குது. தினமும் ஒரு செம்பைத் தூக்கிக்கிட்டுப் போய் நீயே உள்ள ஊத்துற மாதிரிதான். அது போதாதுன்னு டைல்ஸைத் தினமும் ஹோஸ் பைப்பு பிடிச்சுக் கழுவுறியாமே? சமையக்கட்டாடா அது?

இன்னொண்ணு. நமக்கு உடம்புச் சூடு 98. கோழிக்கு 106. உனக்கு 106 அடிச்சா ஆம்புலன்ஸு வரும், அதுக்கு அது சும்மா இருக்கையிலயே இருக்கிற சூடு. 12 அடுப்பை உள்ள பத்தவச்சு, வாசலையும் சாத்தி, மேல தகரத்தை மூடினா என்ன ஆகும்? சோத்துப் பானை மூடியைத் தூக்கிப் பாத்திருக்கியா, கல்யாணத்துக்கு முன்னாடியாவது? ஆவி மேல போயி, ராத்திரி குளிர்ந்து கெடக்குற தகரத்துல முட்டி, சொட்டுச் சொட்டா முதுகுலயே விழும். நீ கூரை ஒழுகுதுன்னு எம்-சீல் வாங்கி அப்பிக்கிட்டு இருக்க. வெளி மழை ஓஞ்சாலும் உன் கோழிக்கு மழை ஓயாது.

காத்தை அளக்க ஆன்லைன்ல மீட்டர் தேடுறேன்னு உன் பொண்டாட்டி சொல்லுச்சு. அம்மோனியா 25 பிபிஎம்மத் தாண்டக் கூடாதாம்ல. நல்லது. ஆனா எங்க அக்கா உனக்கு மூக்குன்னு ஒண்ணு குடுத்திருக்கா, அதுக்குச் சார்ஜும் வேண்டாம். விடியக்காலம் கதவைத் திறந்ததும், கோழி தலை இருக்கிற உயரத்துக்குக் குனிஞ்சு ஒரு மூச்சு இழு. கண்ணு கரிச்சா கூடு கெட்டுப்போச்சு. நின்னுக்கிட்டு மோந்துட்டு ஒண்ணுமில்லங்காத. கோழி அங்கயேதான் படுத்திருக்கு, நீயில்ல. ரொம்ப நேரம் நின்னாலும் மூக்கு பழகிப்போயிரும், முதல் மூச்சுதான் கணக்கு. எச்சத்து மேல வெள்ளையாத் தொப்பி மாதிரி இருக்குல்ல, கோழிக்கு மூத்திரம் அதுதான். காஞ்சு கெடந்தா எருவு. நனைஞ்சாத்தான் அந்த நெடி கெளம்பி, கண்ணுக்கும் மூச்சுக்குழலுக்கும் ஏறும்.

எங்க ஆத்தா எந்த மீட்டரைப் பாத்தா? பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்துவா. மூங்கில் பிளாச்சுக்கு நடுவுல விரல் நுழையும், அம்புட்டுத்தான் அவ எஞ்சினியரிங். அதுலயும் அடங்காத சேவலு முருங்கை மரத்துல ஏறி, கொட்டுற மழையில நனைஞ்சு, காலையில ஒதறிட்டுக் கூவும். அதுக்கு ஒரு தும்மல் வந்து நான் பாக்கல.

என்ன செய்யணுங்கிறியா? தெக்கயும் வடக்கயும் கூரைக்குக் கீழ மேல் வரிசைக் கல்லை எடுத்துரு. எடுத்த கல்லை வீணாக்காத, படுக்க வச்சுக் கட்டு. அந்த ஓட்டை எதுக்கு இருக்கு? உள்பக்கம் அரை அங்குல வெல்டு மெஷ் அடிச்சிட்டா மரநாயும் வராது, பாம்பும் வராது. நாயி பல்லுக்கு அறுந்துபோற அந்த அறுகோண வலையை மட்டும் வாங்கிறாத. அப்புறம், நிழலு பக்கமா, கோழி அடையிற கம்புக்குக் கீழ ஒரு சாண் ஒசரத்துல திறப்பு விட்டு, அதுலயும் வலையை அடி. கீழ நுழையிற காத்து சூட்டையும் ஆவியையும் தூக்கிக்கிட்டு மேல போயிரும். தூங்குற கோழி மூஞ்சியில நேரா அடிக்கக் கூடாது, அம்புட்டுத்தான். தகரத்துக்கு அடியில ரெண்டு கீத்தைச் சொருகினா சொட்டுறது நின்னுரும். இறவாரத்தை 3 அடி நீட்டி, சுத்தி ஒரு வாய்க்கா வெட்டிவிடு. எக்ஸாஸ்ட் ஃபேன் பேச்சை எங்கிட்ட எடுக்காத.

டைல்ஸ் மேல உமியோ கடலைத்தொலியோ 3 அங்குலத்துக்கு விரி. ஒரு கை அள்ளிப் பிடி. கொழுக்கட்டை மாதிரி நின்னா ஈரம், விரலைத் திறந்ததும் மெதுவா உதுந்தாப் பதம். புழுதியாப் பறந்தாலும் ஆகாது, அதுக்கும் தும்மும். குனிஞ்சு கிளற உனக்கு இடுப்பு வளையாதுன்னு தெரியும், அதனால சாயங்காலம் ரெண்டு கை கம்புத் தானியத்தை உமி மேல விசிறு. 12 வேலைக்காரங்க கூலியில்லாமக் கிளறிப் போட்டுருவாங்க. தண்ணி டப்பாவைக் கோழி முதுகு ஒசரத்துக்கு ஏத்தி வை, உமி நனையிறதுக்கு அது சிந்துறதும் ஒரு காரணம். நீத்த சுண்ணாம்பு தூவுறதா இருந்தா கோழியை வெளிய பத்திட்டுத் தூவு. ஈரத்தை இழுக்கும், ஆனா அன்னைக்கு நெடி கூடத்தான் செய்யும்.

இதை ஐப்பசிக்குள்ள முடி. குஞ்சுக்கு வர்ற ரத்தக்கழிச்சல் இருக்கே, அந்தக் கிருமி எச்சத்தோட வந்து சும்மா கெடக்கும்; ஈரமும் வெக்கையும் சேந்தா ஒண்ணு ரெண்டு நாளுலயே வீரியம் பிடிச்சுரும். தும்மல் நிக்கலன்னா கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ, எங்கிட்ட வராத.

சாரலுக்கு அந்த பேனர் இருந்துட்டுப் போகட்டும். ஆனா மேல ஒரு அடியை மடக்கிக் கட்டணும், காத்து போக. பாத்தேன், அந்த ஒரு அடியிலதான் நம்ம எல்லாரு தலையும் இருக்கு. மடக்கையில உங்க அப்பன் நிக்கிற பக்கமா முதல்ல மடக்கு. என் பக்கம் வந்ததும் சொல்லி அனுப்பு, நானே வந்து பாத்துக்கிறேன்.