மீண்டும் எழுதுவோர் வாழ்க

மொழித்திறன் மதிப்பெண் போதவில்லை என்று மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை மறுபடி எழுதுவதைவிடப் பயனுள்ள காரியம் இல்லை. 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் 5 முறை எழுதலாம்; ஒவ்வொரு முறையும் கணிதப் பகுதியும் இலவச இணைப்பாக உண்டு. பாலம் கட்டப் போகிறவருக்கு அருஞ்சொல் எதற்கு என்பார்கள். பாலம் விழுந்தால் விசாரணைக் குழுவுக்கு யார் விளக்கம் எழுதுவது? பணம் வீண் என்பதும் பொருந்தாது: தேர்வை நடத்தும் ஈடிஎஸ் லாப நோக்கமற்ற அமைப்பு. மொழித்திறன் பகுதிக்கு மதிப்பெண் 130 அடிமட்டம், 170 உச்சம். மொத்த ஆங்கிலமும் நாற்பது படிக்குள் அடக்கம் என்பதே எவ்வளவு ஆறுதல்! இதற்கிடையே ஜிஆர்இ கட்டாயமில்லை என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அறிவித்துவிட்டன. அந்த அறிவிப்பை ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ள ஐந்து முறை எழுதியவரால்தான் முடியும்.