இங்கே ஒரு கையெழுத்து

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இடறி விழுந்தால் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசல்தான். உள்ளே முதல் வைத்தியம் ஒரு கேள்வி: "அட்வான்ஸ் கட்டியாச்சா?"

ராசிபுரத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வருகிற சனம், செருப்போடு சேர்த்துக் குடியுரிமையையும் வாசலில் கழற்றிவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வந்தவரை "தண்ணி எங்கய்யா?" என்று மடக்கியவர், இங்கே "பாத்துப் பண்ணுங்க சார்" என்று கும்பிடுகிறார். எதிரே இருப்பவர் டாக்டர்கூட இல்லை. பில் போடுகிற பையன்.

அப்புறம் தாள் வரும். ஆங்கிலம். பொடி எழுத்து. அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "இங்க ஒரு கையெழுத்து." என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேட்டால், "அப்ப நீங்களே வைத்தியம் பாத்துக்குங்க." இதற்குப் பெயர் ஒப்புதலாம்! உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கத்தில் கிடக்கும் பெண்ணுக்காக அவள் அம்மா தலையாட்டினால்கூட அது ஒப்புதல் ஆகாது, விவரம் சொல்லி நோயாளியிடமே வாங்கு என்று 2008-லேயே சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பென்சிலுக்குத் தீர்ப்பு தெரியாது.

அரசு தூங்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தை 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. 17 உரிமைகள். கட்டணத்தை முன்பே கேட்கலாம். மருந்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். பில் பாக்கிக்காகப் பிணத்தைப் பிடித்துவைக்கக் கூடாது. 2019-ல் மாநிலங்களுக்குக் கடிதம் போனது. கடமை முடிந்தது. சுவரில் தொங்குவதோ வேறு சாசனம்: "மருந்துகளை இங்கேயே வாங்கவும்." பிள்ளையார் படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், நல்ல தமிழில்.

கையெழுத்து எதுவரை போகும் என்பதை நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் 2025-ல் காட்டியது. கடனில் முங்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலை பேசினார்கள். உறவினர் அல்லாதவருக்கு உறுப்பு கொடுப்பதென்றால், அன்பினாலோ வேறு தனிக் காரணத்தாலோ கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். வட்டி கட்ட வழியில்லாதவனுக்கு முன்பின் தெரியாதவர் மேல் என்ன அன்பு! இரண்டு ஆஸ்பத்திரிகளின் உறுப்பு மாற்று சிகிச்சை உரிமம் ரத்தானது. போன சிறுநீரகம் போனதுதான்.

பேனாவை நீட்டினால், தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே மருத்துவ கவுன்சில் விதி. கேட்டதற்காக யாரும் கத்தி வைத்துவிட மாட்டார்கள். அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும்.