மூன்றரை மணி ஜோசியர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆலைக்கு ஒரு நிஃப்டி ஜோசியருக்கும் பஞ்சமில்லை. காலை மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டும்போது சந்தை திறக்குமுன்பே ஓடும் கிஃப்ட் நிஃப்டியைப் பார்ப்பார். பொன்னேரி வருவதற்குள் அன்றைய குளோசிங்கை அறிவித்துவிடுவார். "25,180ண்ணே, எழுதி வெச்சுக்கோங்க!" 25,200 என்று ரவுண்டாகச் சொன்னால் குத்துமதிப்பாகிவிடும், 180 என்றால்தான் கணக்குப் போட்ட களை வரும். இத்தனைக்கும் வேலையில் மனிதர் கறார். தெர்மோகப்பிளை முக்கிச் சூடு பார்க்காமல் உலையைக் கவிழ்க்க விடமாட்டார்.

இவரைப் பொய்யர் என்று தள்ளிவிட முடியாது. சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் சந்தை முடிகிறது. ஆனால் அந்தப் பெருமை நிஃப்டிக்கே சேரும். 25,000 புள்ளியில் ஒரு சதவீதம் 250. பல நாள் சந்தை அந்த அளவுகூட நகர்வதில்லை. நேற்றைய முடிவை அப்படியே ஒப்பிக்கும் கிளிக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மார்க் கிடைத்துவிடும். ஏறுமா இறங்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு அவர், "25,000 உடைஞ்சா கதையே வேற" என்று பின்கதவைத் திறந்தே வைத்திருப்பார். போதாததற்கு, நிஃப்டியின் குளோசிங் மூன்றரை மணிக் கடைசி விலை அல்ல. கடைசி அரைமணி நேர வியாபாரத்தின் சராசரியிலிருந்து வருவது என்பதே நெடுநாள் வழக்கம். திரையில் ஓர் எண், கணக்கில் ஓர் எண். எது பக்கமோ அது அவருடையது.

சார்ட் பார்த்த அனுபவம் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கௌல்ஸ் 1933-லேயே தொழில்முறைக் கணிப்பாளர்களின் வாக்குகளைச் சரிபார்த்துவிட்டு, திறமைக்குத் தடயமில்லை என்று எழுதிவிட்டார். இங்கே 2024 ஜூன் 3-ல் தேர்தல் கருத்துக்கணிப்பு உற்சாகத்தில் 23,263-ல் முடிந்த நிஃப்டி, மறுநாள் வாக்கு எண்ணிக்கையன்று 21,884-க்கு விழுந்தது. ஜோசியர் அசரவில்லை: "நான் சொன்னது நார்மல் மார்க்கெட்டுக்கு."

சும்மா பொழுதுபோக்குதானே, விட்டுவிடலாமே என்பீர்கள். டீக்கடை வரைக்கும் சரி. நியூயார்க் பருத்தி விலையின் ஓப்பனிங்கும் குளோசிங்கும் பம்பாயில் மட்கா சூதாட்டமாக வளர்ந்ததும் இப்படியொரு பொழுதுபோக்கில்தான். இந்த ஜோசியத்தை நம்பி ஆப்ஷனில் பணம் போட்டால், அங்கே 'பக்கத்தில்' என்பதற்கு மதிப்பெண் கிடையாது. எக்ஸ்பைரி அன்று 25,180-ல் முடிந்தால் 25,200 கால் ஆப்ஷன் வாங்கியவர் கட்டிய பிரீமியம் முழுக்கப் போச்சு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்குச் சொன்னது. அதைக் காட்டினால், மீதி ஏழு பேரின் சார்பில் அவர் புன்னகைப்பார். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி எக்ஸ்பைரி செவ்வாய்க்கிழமைக்கு மாறியிருக்கிறது. செவ்வாய் வெறுவாய் என்று அன்று வீட்டில் ஒரு நல்ல காரியமும் தொடங்க விடாதவர், ரயிலில் மட்டும் குளோசிங் சொல்லத் தவறுவதில்லை.