எந்தப் புத்தகம் வாங்கலாம், அண்ணே?

ஒரகடத்தில் பி ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ் ஏறும் மெயின்டனன்ஸ் தம்பிக்கு ஓர் ஆசை: கோடிங் கற்று ஓ.எம்.ஆர். பக்கம் தாவிவிட வேண்டும். முதல் படி, புத்தகம் தேர்ந்தெடுப்பது. அறையில் நான்கு பேர், ஐந்து கருத்து. "சி தெரியாம ஒண்ணும் ஆகாது, பாலகுருசாமி வாங்குடா" என்பார் மூத்தவர். "பைத்தான்தான் ஈஸி" என்பார் அடுத்தவர். "ஜாவாதான் சோறு போடும்" என்பார் மூன்றாமவர். பஞ்சாயத்து முடிவதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும்.

தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ஐயும், 12-ஆம் வகுப்பு நூல் பைத்தானையும் தமிழிலேயே சொல்லித் தருகின்றன; இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அங்கேதான் சிக்கல். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்தால்தான் அறிவு ஏறும் என்பது நம் ஐதீகம்.

இத்தனைக்கும் தம்பி ஷிஃப்ட் முழுக்கப் பார்ப்பது இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. திரையைத்தான். சென்சார் கார் பாடியைக் கண்டால் கன்வேயர் நிற்க வேண்டும், கதவு மூடினால்தான் ரோபோ கை அசைய வேண்டும் என்று லேடர் லாஜிக்கில் நிபந்தனை மேல் நிபந்தனை போடுகிறார். 1993-இல் வந்த ஐ.இ.சி. தரநிர்ணயமே லேடரை நிரல்மொழிகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. பெண் வீட்டார்தான் இன்னும் சேர்த்தபாடில்லை.