அடுப்புக்குக் குளிரவில்லை

மார்கழியில் வெப்பமானி 20 டிகிரிக்கு இறங்கினாலே அரியாங்குப்பத்தில் பாதிப் பேர் குல்லாவுக்குள் போய்விடுவார்கள். டீக்கடை வாசலில் "இன்னா குளிரு" என்று கையைத் தேய்த்துக்கொள்ளும் கூட்டத்தில் நானும் உண்டு. இந்த ஒரே தகுதியோடு சனவரி மாதம் கனடாவின் வின்னிபெக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இறங்கினேன். அங்கே மைனஸ் 30-ஐத் தொடும் இரவுகள் உண்டு. எங்கள் ஊர் ஆற்றில் படகு விடுகிறார்கள். அந்த ஊர் ஆற்றின் மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

அந்தக் குளிரில்தான், வீட்டின் பின்பக்கம் கரியடுப்பில் ஆட்டுத் தொடையைப் புகையில் வாட்டப் போவதாக மாப்பிள்ளை அறிவித்தார். "இந்தக் குளிர்ல வெளியில நிக்கறதா?" என்றேன்.

"நிக்கவே வேணாம் மாமா. அடுப்பு வெளியில, நாம உள்ள. மீதிய இந்தப் பெட்டி பாத்துக்கும்."

கையடக்கமான பெட்டிதான். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்புகின்றன. ஒன்றின் முனை அடுப்புக்குள், இன்னொன்றின் முனை கறிக்குள். அடுப்பின் அடியில் காற்றுப் போகிற துளையில் ஒரு குட்டி விசிறி. 110 டிகிரி வேண்டும் என்று சொல்லிவிட்டால், சூடு குறையும்போது விசிறி சுற்றும், ஏறினால் நின்றுவிடும். காற்று கிடைத்தால் கரி கனியும், கிடைக்காவிட்டால் அடங்கும். என் அம்மா ஊதாங்குழலை வைத்துக்கொண்டு செய்த வேலைதான் இது. என்ன, அம்மா வைஃபையில் வரமாட்டாள்.

முதலில் படுத்தது பெட்டியின் திரை. அதற்குள் இருக்கும் திரவப் படிகம் கடுங்குளிரில் மந்தமாகிவிடும். பழைய எண் அழியாமல் நிற்க, புது எண் அதன்மேல் தயங்கித் தயங்கி வந்து உட்காரும். 104-ஆ 109-ஆ என்று நானும் மாப்பிள்ளையும் ஜோசியம் பார்த்தோம். ஒயரின் மேலுறை விறைத்துக் கம்பியாகிவிட்டது. மடக்கினால் ஒடிந்துவிடுமோ என்று அதைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்ல வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை அசரவில்லை. ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தார். கருவியை அதற்குள் வைத்து, பக்கத்தில் கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்றையும் வைத்து மூடினார். அந்தப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டதும் துருப்பிடித்து, துருப்பிடிக்கும்போதே சூடு தரும். ஐஸ் பெட்டியைச் சூடாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிற தேசத்தில் இருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது விசிறி. ஓடாமல் நிற்கும் நேரத்தில் அடுப்பின் ஈரப்புகை அதில் போய்ப் படிந்து உறைந்துவிட்டது. பெட்டி "ஊது" என்கிறது, விசிறி அசையவில்லை. உடனே மாப்பிள்ளையின் போனில் அபாய மணி. அவர் உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகப் பார்ப்பதற்காக வந்த போன், அவரை வெளியே விரட்டியது. வெளியே போவதென்றால் சும்மாவா? காலுறை, பூட்ஸ், கோட்டு, மஃப்ளர், குல்லா, கையுறை எல்லாம் மாட்ட வேண்டும். மாட்டி முடித்துப் போய்ப் பார்த்தால், கையுறை போட்ட விரலால் பொத்தானை அமுக்க முடியாது. கழற்றினால் விரல் போய்விடும். கடைசியில் ஒரு மரக்கரண்டியின் காம்பால் அமுக்கினார். கணினிப் பொறியாளர்!

இதற்கு நடுவில் என் வீட்டம்மா. மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு அரைத்துத் தடவிக் கொடுத்தது அவள்; ஆகவே மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை தனக்கு உண்டென்று நினைத்தாள். "வெந்துடுச்சான்னு ஒரு தடவை பாத்துடறேன் மாப்பிள்ளை" என்று மூடியைத் தூக்கியதும் மைனஸ் குளிர் உள்ளே புகுந்தது. அடுப்புக்குள் இருந்த முனை, தீ செத்துவிட்டதென்று பெட்டிக்குத் தந்தி அடித்தது. விசிறி தலைதெறிக்கச் சுற்ற, கரி செக்கச் செவேலென்று பழுத்தது. மூடிய பிறகு சூடு 110-இல் நிற்குமா? 170-க்கு ஓடியது. மூடி திறந்ததைக் கண்டுபிடித்து விசிறியை நிறுத்திவைக்கும் வசதியும் இந்தக் கருவிகளில் உண்டு. அது மூடியைத் திறப்பவர்களுக்காகச் செய்தது. மாமியார்களுக்காகச் செய்ததல்ல.

கறியோ 70 டிகிரி வாக்கில் அப்படியே நின்றுவிட்டது. மேல்பரப்பின் ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் மணிக்கணக்கில் இப்படி நிற்பது வழக்கமாம். மாப்பிள்ளை ஐஸ் பெட்டியைத் திறந்து கருவி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுகூட அத்தனை அடிக்கடி நடக்காது.

அப்போதுதான் கவனித்தேன். அடுப்புக்குக் குளிரவில்லை. மெல்லிய தகரமாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும், கரி கூடுதலாகத் தின்னும். மாப்பிள்ளையுடையது தடித்த பீங்கான், அந்தக் கவலையும் இல்லை. கறிக்கும் குளிரவில்லை. அங்கே நடுங்கியவை இரண்டே: தீயைப் பார்த்துக்கொள்ள வந்த கருவி, கருவியைப் பார்த்துக்கொள்ளப் போன மாப்பிள்ளை.

நள்ளிரவு தாண்டிக் கறி வந்தது. எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. பிரமாதம், அதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

வெளிநாட்டுச் சாமான் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ரோமானியர் காலத்து மதுச் சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேடு எங்கள் ஆற்றங்கரைதான். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, அந்தச் சாடிகளின் உடைசல்களை வெளியே எடுத்தார். அதனால் பனிதேசத்தில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவியை வாங்குமுன் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இயங்கு வெப்பநிலையைப் படித்துவிடுங்கள். பூஜ்யம் முதல் 50 டிகிரி வரை என்று போட்டிருந்தால், அது உங்களுக்காகச் செய்தது அல்ல, அரியாங்குப்பத்துக்காகச் செய்தது. தயங்காமல் இங்கே அனுப்பிவிடுங்கள்.